தலைக்கணக்கும் கட்சித் தருமமும்

ஓர் அரசியற் கட்சியின் எதிர்காலத்தை அறிய வேண்டுமாயின் அதன் கொள்கை அறிக்கையைப் படிப்பதிலும் குடிசன மதிப்பு அறிக்கையைப் படிப்பதே மேல் என்று கருதும் போக்கு இன்று உலகெங்கும் வலுத்து நிற்கின்றது. எந்த இனம் பெருகுகின்றது, எந்த வயதினர் குறைகின்றனர், நாட்டுப்புறத்தார் எத்தனை பேர் நகரம் புகுந்தனர் என்ற கணக்குகளை முன்வைத்து, இக்கட்சி இன்னும் இருபதாண்டில் ஆளும், அக்கட்சி அழியும் என்று ஆரூடம் சொல்வோர் பலர். சோதிடத்தை நகையாடும் அறிவாளரும் இந்தச் சோதிடத்தை நம்புகின்றனர். கிரகங்களுக்குப் பதிலாக இதிற் புள்ளிவிபரங்கள் உள்ளன என்பதே வேறுபாடு.

இக்கணக்குகள் பொய்யானவை என்று நாம் வாதிக்க வரவில்லை. மக்கள் தொகையில் நேரும் மாற்றம் கட்சிகளை ஆக்கவும் அழிக்கவும் வல்லது. நம் முன்னுள்ள வினா வேறு. தொகை மாறும்பொழுது ஒரு கட்சி தன் வழியையும் மாற்றிக்கொள்ளலாமா? மாற்றலாம் எனின் எதுவரை? தன்னை நம்பி நின்ற ஒரு கூட்டத்தார் வாக்காளர் பட்டியலிலிருந்து மறைந்துவிட்டால், அவர்பால் அக்கட்சிக்கு இருந்த கடமையும் மறைந்துவிடுமா? இது கணக்கியல் வினா அன்று, அறவியல் வினா.

இடதுசாரிகளாகிய நாம் இவ்வினாவைப் பிறருக்கென ஒதுக்கிவிட இயலாது. தொகையின்மேல் நம்பிக்கை வைத்தவர்களுள் நம் முன்னோரே முதன்மையானவர். 1895இல், தமது வாழ்வின் இறுதி ஆண்டில், மார்க்சின் ‘பிரான்சில் வர்க்கப் போராட்டங்கள்’ என்ற நூலுக்கு முன்னுரை வரைந்த ஏங்கெல்ஸ், ஜெர்மன் சமூக சனநாயகக் கட்சியின் வாக்குகளை மகிழ்வோடு எண்ணிக் காட்டினார். 1871இல் 102,000; 1877இல் 493,000; 1890இல் 1,427,000; 1893இல் 1,787,000. இவ்வளர்ச்சி இயற்கை நிகழ்ச்சி ஒன்றைப் போலத் தடுக்க முடியாதவாறு நடைபெறுவதாக அவருக்குத் தோன்றியது. ஆலைகள் பெருகும், தொழிலாளர் பெருகுவர், அவர்களின் கட்சியும் பெருகும். 1912ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி 110 ஆசனங்களைப் பெற்றுப் பாராளுமன்றத்தின் மிகப் பெரிய கட்சியான பொழுது அக்கணக்குச் சரியென்றே எவரும் எண்ணியிருப்பர்.

ஆயின், கணக்கு பாதிவழியில் நின்றுவிட்டது. மேற்கு ஐரோப்பிய சோசலிசக் கட்சிகளின் தேர்தல் வரலாற்றை ஆராய்ந்து 1986இல் நூல் வெளியிட்ட அடம் பிஷெவோர்ஸ்கி, ஜோன் ஸ்பிராக் என்னும் இருவர், ஆலைத் தொழிலாளர் எந்த நாட்டிலும் வாக்காளரிற் பெரும்பான்மையினராக ஆகவேயில்லை என்பதை எடுத்துக்காட்டினர். எனவே அக்கட்சிகள் பிற வகுப்பாரின் துணையை நாட வேண்டியவையாயின. பிறரை நாடுந்தோறும் ‘தொழிலாளர்’ என்ற குரல் மெலிந்து ‘மக்கள்’ என்ற குரல் ஓங்கியது. அதன் விளைவாகத் தொழிலாளர் சிலரும் விலகினர். சிறுபான்மையினரின் கட்சியாய்த் தூய்மையோடு இருப்பதா, பெரும்பான்மை தேடி வெளிறிப்போவதா என்னும் இடர்ப்பாடு அவர்களை விடாது தொடர்ந்தது.

இவ்விடர்ப்பாடு ஐரோப்பாவில் ஆலைகளின் பெருக்கக் குறைவால் வந்தது. இலங்கையில் அது சட்டத்தினால் வந்தது. நமது வரலாற்றின் தனித்தன்மை இதுவே. இதனை விரித்து நோக்குதல் வேண்டும்.

1935 டிசெம்பரில் லங்கா சமசமாசக் கட்சி தோன்றிய காலத்தில் அதற்குத் தலைக்கணக்கு எதுவும் துணை நிற்கவில்லை. மலேரியாக் கொள்ளைநோய் 1934-35இற் பல்லாயிரவரை விழுங்கியபொழுது மருந்தும் பருப்பும் சுமந்து கிராமங்களுக்குச் சென்ற சில இளைஞரே அக்கட்சியின் கருவாயினர். பின்னர் அவர்கள் மலைநாட்டுத் தோட்டங்களினுள்ளும் நுழைந்தனர். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையான கோவிந்தன் என்ற தொழிலாளிக்காக நீதி கேட்டோருள் கொல்வின் ஆர். டி சில்வா முன்னின்றார். தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளிக்காகச் சிங்களம் பேசும் வழக்கறிஞர் வாதாடினார் என்று இன்று வியந்து கூறுகின்றோம். அன்று அக்கட்சியினர் அதனை வியப்பாகக் கருதவில்லை என்பதிலேதான் அவர்தம் பெருமை இருந்தது.

எல்லாத் தொழிலாளர் கட்சிகளும் அப்படி நடந்தனவல்ல. 1923ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தத்தை நடத்திய ஏ. ஈ. குணசிங்க, முப்பதுகளின் பொருளாதார மந்தம் வந்ததும், கொழும்பில் உழைத்த மலையாளத் தொழிலாளரைச் சிங்களத் தொழிலாளரின் வயிற்றிலடிப்போராகக் காட்டிப் பிரசாரம் செய்தார். இத்தனை பேர் நம்மவர், இத்தனை பேர் அந்நியர் என்று அவர் எண்ணினார். எண்ணத் தொடங்கிய நாளிலேயே தொழிற்சங்கத் தலைவர் என்ற நிலை மாறி இனத் தலைவர் என்ற நிலை அவருக்கு வந்துவிட்டது. 1947இல் அவருடைய கட்சிக்குக் கிடைத்தது ஓர் ஆசனமே.

அந்த 1947ஆம் ஆண்டுத் தேர்தல்தான் ஆளும் வகுப்பாரை அச்சுறுத்தியது. தெரிவு செய்யப்படவிருந்த 95 ஆசனங்களிற் சமசமாசக் கட்சி பத்தையும், பொல்ஷெவிக் லெனினிசக் கட்சி ஐந்தையும், கம்யூனிஸ்ட் கட்சி மூன்றையும் பெற்றன. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 42 ஆசனங்களே. தனிப் பெரும்பான்மை இல்லை. மலைநாட்டுத் தொகுதிகள் பலவற்றில் இலங்கை இந்தியக் காங்கிரசின் வேட்பாளர் வென்றனர். வேறு பல தொகுதிகளிலே தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்குத் துணையாயிற்று. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டோர் நாட்டு மக்களில் 11.7 வீதத்தினர், இலங்கைத் தமிழர் எனப் பதியப்பட்டோரிலும் சற்றுக் கூடுதலானவர். தேயிலை உள்ளவரை இவர்கள் இருப்பர், இவர்கள் இருக்கும்வரை இவ்வாக்கும் இருக்கும் என்பதை அறியப் பெருங் கணித அறிவு வேண்டியதில்லை.

தொகை தனக்கு மாறாக இருக்கக் கண்ட ஒரு கட்சி செய்யக்கூடியவை இரண்டு. தன்னை மாற்றிக்கொண்டு அம்மக்களின் நம்பிக்கையைத் தேடலாம். அன்றேல் மக்களையே மாற்றிவிடலாம். ஐக்கிய தேசியக் கட்சி இரண்டாவதைச் செய்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம், 1949ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம், வாக்குரிமையைப் பிரசாவுரிமையோடு பிணைத்த அதே ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தம் ஆகிய மூன்றினாலும் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாக்கிழந்தனர். திருமணமானவர் ஏழாண்டும், ஆகாதவர் பத்தாண்டும் 1946க்கு முன் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்ததை நிறுவ வேண்டும் என்றனர். லயத்து அறையொன்றிற் பிறந்து, பிறப்புப் பதிவும் இல்லாது, எழுதப் படிக்க வாய்ப்பும் பெறாது கொழுந்து பறித்தவள் எக்காகிதத்தைக் கொண்டு எதனை நிறுவுவாள்?

ஒரு தலைகூடக் குறையவில்லை, எவரும் இறக்கவில்லை, எவரும் கப்பலேறவில்லை. மலைச்சரிவுகளில் அதே மனிதர் அதே கூடைகளோடு நின்றனர். எனினும் அரசியலின் கண்ணுக்கு அவர்கள் இல்லாதவராயினர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்மக்களின் பிரதிநிதி ஒருவரேனும் தெரிவாகவில்லை. 1977 வரை அந்நிலை நீடித்தது. ‘மக்கள் தொகை மாற்றம்’ என்று நாம் சொல்லும்பொழுது பிறப்பு, இறப்பு, குடிபெயர்ச்சி ஆகியவற்றையே எண்ணுகின்றோம். யாரைத் தொகையிற் சேர்ப்பது என்ற தீர்மானம் அவற்றுக்கு முந்தியது; அதைச் செய்வது இயற்கையன்று, அதிகாரமே.

இதனினும் கொடிய செய்தி ஒன்றுண்டு. 1959இல் தேர்தற் தொகுதிகளை வகுத்தபொழுது, பிரசாவுரிமை அற்றோரையும் சேர்த்தே தலை எண்ணப்பட்டது. வாக்களிக்க வராத தோட்டத் தொழிலாளி, தொகுதிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு மட்டும் மனிதனானான். அவனாற் கிடைத்த மேலதிக ஆசனங்களுக்கு அயற் கிராமத்தவர் வாக்களித்தனர். அவனை நாடு கடத்த வேண்டும் என்று பேசியோரும் அவற்றிலிருந்து தெரிவாயினர். 1787இல் ஐக்கிய அமெரிக்காவின் அரசியலமைப்பை வகுத்தோர், அடிமைகளின் தொகையில் ஐந்தில் மூன்று பங்கைப் பிரதிநிதித்துவக் கணக்கிற் சேர்த்தனர். அடிமைக்கு வாக்கில்லை, அவனை உடையவனுக்கோ ஆசனம் பெருகியது. நமது சட்டம் அடிமைமுறையை ஏற்கவில்லை. ஆனால் கணக்கிலே ஐந்தில் மூன்று என்ற தயக்கத்தையும் விட்டு முழுத் தலையையும் எண்ணிக்கொண்டது.

இந்த அநீதியிலே தமிழ்த் தலைமைக்குப் பங்கில்லை எனக் கையுதறுவோர் வரலாற்றை மீண்டும் படித்தல் நன்று. 1948இல் தமிழ்க் காங்கிரசின் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அரசாங்கத்திற் சேர்ந்து அமைச்சரானார். அதனை ஏற்காத எஸ். ஜே. வி. செல்வநாயகம் முதலியோர் பிரிந்து 1949 டிசெம்பரிற் தமிழரசுக் கட்சியை நிறுவினர். அதற்கும் முன்னர், டொனமூர் ஆணைக்குழு வந்த காலத்திலே, சர்வசன வாக்குரிமை கூடாது என்று வாதித்தோருள் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். எல்லாத் தலையும் ஒரு தலையாக எண்ணப்படுவதை அஞ்சியோர் ஓரினத்தில் மாத்திரம் பிறக்கவில்லை.

இடதுசாரிகள் இச்சட்டங்களை எதிர்த்தனர். என். எம். பெரேரா முதலியோர் அவற்றின் வர்க்க நோக்கத்தைப் பாராளுமன்றத்திலேயே வெளிப்படுத்தினர். 1956இலும், சிங்களம் மட்டும் என்ற அலை எழுந்தபொழுது, சமசமாசக் கட்சி இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்துக் கேட்டு நின்றது. கல்லெறியையும் வசையையும் அக்கட்சித் தொண்டர் தாங்கினர். அந்த ஆண்டுகள் நமது இடதுசாரி இயக்கத்தின் ஒளிமிகு ஆண்டுகள். பிற்காலத்து வீழ்ச்சியைக் கொண்டு அவற்றையும் கறுப்பாக்கிவிடுதல் நியாயமன்று.

பின்னர் எது நிகழ்ந்தது? 1960 மார்ச்சுத் தேர்தலில் ஆட்சியமைக்கும் எண்ணத்தோடு நூறு தொகுதிகளுக்கு மேற் போட்டியிட்ட சமசமாசக் கட்சி பத்து ஆசனங்களையே பெற்றது. அத்தோல்வியின்பின் கட்சிக்குள் ஒரு கணக்கு தலையெடுத்தது. உழைக்கும் வகுப்பிற் பெரும் பகுதியினர் வாக்கற்றோர். வாக்குள்ளவர் சிங்களக் கிராமத்தவர். அவர்கள் பண்டாரநாயக்காவின் கட்சியோடு நிற்கின்றனர். ஆதலின் நாமும் அங்கே செல்வோம். 1964 யூனிற் சமசமாசக் கட்சி ஸ்ரீமாவோ அரசாங்கத்திற் சேர்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. 975,000 மனிதர் பங்கிடப்பட்டனர்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரின் விதி பின்னர் பார்த்துக்கொள்ளப்படும். அவர்களுள் எவரையும் எவரும் ஒரு சொற் கேட்கவில்லை. முல்லோயாவிற்காக வாதாடிய கட்சி அவ்வேளை அமைச்சர் நாற்காலியில் இருந்தது.

1966 சனவரியில், தமிழ் மொழி உபயோகத்துக்கான ஒழுங்குவிதிகளை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் இடதுசாரிக் கட்சிகளும் சேர்ந்துகொண்டன. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு சிங்களத்தை அரச கரும மொழியாகவும் பௌத்தத்துக்கு முதன்மை இடம் உடையதாகவும் வகுக்கப்பட்டது. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவிற் சிறுபான்மையினருக்கு இருந்த காப்பு அதில் இல்லாதொழிந்தது. அதனை முன்னின்று வகுத்த அமைச்சர், பதினாறு ஆண்டுகளுக்கு முன் மொழிச் சமத்துவத்துக்காகப் பாராளுமன்றத்தில் முழங்கிய அதே கொல்வின்.

இங்கே அக்கட்சியினரின் மறுமொழியையும் நேர்மையோடு கேட்டல் வேண்டும். “வாக்கற்றோரின் பக்கம் நின்று ஆசனமற்றோராய் மடிவதால் அவ்வாக்கற்றோருக்கு என்ன பயன்? ஆட்சியில் அமர்ந்தால் வங்கியையும் காணியையும் பொதுவாக்கலாம்; அதன்வழித் தோட்டத் தொழிலாளனுக்கும் விடிவு வரும்” என்பதே அவ்வாதம். இதில் ஓர் உண்மை இருக்கின்றது. அதிகாரத்தை வெறுப்பவன் அரசியலுக்கு வராதிருத்தலே நன்று. கட்சி என்பது துறவிகளின் மடமன்று. தொகையை நோக்கி உத்தியை வகுப்பதும், எந்தத் தொகுதியிற் போட்டியிடுவது, யாரோடு உடன்பாடு செய்வது, எச்சீர்திருத்தத்தை முதலிற் கேட்பது என்று தீர்மானிப்பதும் கட்சித் தலைவரின் கடமையே. மக்கள் தொகையை அறியாத கட்சி மக்களையும் அறியாது.

ஆனால், எவ்வழியிற் செல்வது என்பதைத் தொகை கூறலாம். யாருக்காகச் செல்வது என்பதைக் கூற அதற்கு அதிகாரமில்லை. ஒருவனின் உரிமை அவன்பால் உள்ள வாக்கினால் உண்டாவதாயின், வாக்கைப் பறித்தவன் உரிமையையும் பறித்தவனாகிவிடுவான். அப்பொழுது பறித்தது அநீதி என்று சொல்ல நமக்கு நிலைக்களனே இராது. வாக்கிழந்தமைக்காகவே தோட்டத் தொழிலாளியைக் கைவிடுவோர், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை வாயினால் எதிர்த்தபோதிலும் செயலினால் நிறைவேற்றி வைப்பவராகின்றனர். ஐக்கிய தேசியக் கட்சி வாக்காளர் பட்டியலிலிருந்து அகற்றியது. இடதுசாரிகள் தம் மனத்திலிருந்து அகற்றினர். முன்னதை விடப் பின்னதே நெடுங்காலம் நின்றது.

“அதன்வழி விடிவு வரும்” என்ற வாதத்தின் விளைவையும் காணலாம். 1972ஆம், 1975ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. பெருந்தோட்டத்துறை அமைச்சும் கொல்வினிடமே 1975 வரை இருந்தது. அக்காலத்திலேயே, 1974ஆம் ஆண்டளவிற் தோட்டங்களிற் பட்டினியால் மக்கள் இறந்தனர். வெள்ளைக்காரக் கம்பனிகள் அகன்ற சில தோட்டங்களிலிருந்து தொழிலாளரே விரட்டப்பட்டனர். உடைமை பொதுவானபொழுதும் அவர்கள் அந்தப் ‘பொது’வினுட் சேர்க்கப்படவில்லை.

அந்தக் கணக்காவது பலித்ததா? 1977 யூலையில் சமசமாசக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் ஓர் ஆசனமுமின்றித் தோற்றன. எந்தப் பெரும்பான்மையைத் தேடித் தம் மக்களை விட்டனரோ, அப்பெரும்பான்மைக்கு இனவாதமே வேண்டுமாயின் அதனை மூலக் கடையிலே வாங்கிக்கொள்ள வழியிருந்தது. இடதுசாரிகளின் கிளைக்கடைக்கு வரவேண்டிய தேவை இருக்கவில்லை.

இதற்கிடையில் மெய்யான மக்கள் தொகை மாற்றம் ஒன்று இந்நாட்டில் நிகழ்ந்துகொண்டிருந்தது. அதனைத் தலைக்கணக்கிற் தேர்ந்த தலைவர்களே கவனித்திலர். 1946இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டில் 14 ஆக வீழ்ந்தது, டீ.டீ.ரீ. மருந்தும் வைத்தியசாலைகளும் அதற்குக் காரணமாயின. 1946இல் 66 இலட்சமாயிருந்த மக்கள் 1971இல் 126 இலட்சத்தைக் கடந்தனர். மலேரியாவுக்குத் தப்பிய குழந்தைகள் 1945ஆம் ஆண்டின் இலவசக் கல்வியாற் தாய்மொழியிற் படித்து, பதினெட்டு வயதில் வாக்கும் பெற்று, தொழிலின்றித் தெருவில் நின்றனர். மலேரியாக் காலத்துத் தொண்டினால் எழுந்த கட்சியின் எதிர்காலம் உண்மையில் அவ்விளைஞரிடமே இருந்தது. ஆயின் 1971 ஏப்பிரலில் அவர்கள் ஆயுதம் தாங்கி எழுந்தபொழுது, அவர்களை ஆயிரக்கணக்கிற் கொன்றடக்கிய அரசாங்கத்தில் மூத்த இடதுசாரிகள் அமைச்சராயிருந்தனர். அவ்விளைஞரின் கட்சியாகிய மக்கள் விடுதலை முன்னணியும் அக்காலத்தில் ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ என்று வகுப்பெடுத்து, தோட்டத் தொழிலாளரை அதன் கருவியாகவே கண்டது. தந்தையரை மறுத்தோர் தந்தையரின் அக்குறையை மட்டும் மறுக்கவில்லை.

தொகையே விதி என்போருக்கு அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றை நினைவூட்டலாம். அமெரிக்காவில் ஜோன் ஜூடிசும் ரூய் டெஷேராவும் 2002இல் வெளியிட்ட நூலில், சிறுபான்மையினரும் படித்த நகரத்தாரும் பெருகுவதால் சனநாயகக் கட்சியின் பெரும்பான்மை உருவாகி வருகின்றது என்றனர். தொகை அவர்கள் சொன்னவாறே மாறியது. வாக்கோ அவ்வாறு கட்டுப்படவில்லை. 2020இலும் 2024இலும் இலத்தீன் அமெரிக்க வழியினர் கணிசமாக மறுபக்கம் சாய்ந்தனர். நம் நாட்டிலோ இன்னும் தெளிவு. 2019ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலில் 3 வீதம் பெற்ற அநுர குமார திசாநாயக்க 2024இல் 42 வீதம் பெற்றார். அவ்வாண்டு நவம்பரில் அவரது தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐ வென்றது. மட்டக்களப்பு நீங்கலாக எல்லா மாவட்டங்களிலும், நுவரெலியாவிலும் யாழ்ப்பாணத்திலுங்கூட, முதலிடம் பெற்றது. ஐந்தாண்டில் குடிசனம் மாறவில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியும் வரிசைகளும் பசியும் மனங்களை மாற்றின. தொகை முன்னரே தெரியும். மனம் முன்னரே தெரியாது.

மக்கள் விடுதலை முன்னணியைத் தலைமையாகக் கொண்ட கூட்டணிக்கு மலையகத்தார் வாக்களித்தனர் என்பது சிறிய செய்தியன்று. 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் அவர்கள் பிரசாவுரிமையை மீளப் பெற்றனர். எனினும் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் இந்தியத் தமிழர் என எழுதப்பட்டோர் 4 வீதத்தினரே. கப்பலேறியோரும், கலவரங்களுக்கு அஞ்சி வடக்கே சென்றோரும், தம்மை இலங்கைத் தமிழர் என எழுதிக்கொண்டோரும் போக எஞ்சியவர் அவர்கள். 11.7 வீதத்தவராயிருந்தபொழுது இவர்களுக்கு அஞ்சினர். தொகையிற் சுருங்கிவிட்ட இப்பொழுது, காணியும் வீடும் கேட்கும் இவர்களுக்குச் செவிசாய்க்க எந்தக் கட்சிக்கும் கணக்கு முறையிற் கட்டாயமில்லை. இவ்வரசாங்கத்தின் இடதுசாரித் தன்மையை அளக்க விரும்புவோர் அங்கேதான் அளவுகோலை வைத்தல் வேண்டும்.

வேறொரு கூட்டத்தாரும் நம் கண்முன் உருவாகியுள்ளனர். மேற்காசியாவின் வீடுகளிலும் கட்டடத் தளங்களிலும் உழைத்துப் பணம் அனுப்பும் இலட்சக்கணக்கானோர் 2024ஆம் ஆண்டுத் தேர்தல்களிலும் தாம் உழைக்கும் இடத்திலிருந்து வாக்களிக்க வழியிருக்கவில்லை. அவர்கள் அனுப்பும் அந்நியச் செலாவணியை எல்லாக் கட்சிகளும் எண்ணுகின்றன.